வெள்ளை மின்னலுக்கு டபுள் பஃபரிங் மருந்தல்ல

இந்த வாரமும் அதே புகார் ஒன்று வந்துவிட்டது: விண்டோ திறக்கும்போது வெள்ளை மின்னல். டார்க் தீமில் ஓடும் அப்ளிகேஷன். செட்டிங்ஸ் விண்டோவைத் திறந்தால் முதலில் பளீரென்று வெள்ளை, அப்புறம்தான் கருஞ்சாம்பல். அதைச் சரிசெய்யக் கோடு ரெவியூவுக்கு வந்த திருத்தம் ஒரே வரி: ஃபார்மின் (அந்த விண்டோவின்) டபுள் பஃபர்டு பிராப்பர்ட்டியை, அதாவது மறைவில் வரைந்து முடித்துவிட்டுத் திரையில் காட்டும் அமைப்பை, ட்ரூ ஆக்கியிருந்தார்கள். வெள்ளை போகவில்லை. போகவும் போகாது. "என் மெஷினில் தெரியவில்லையே, உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள்" என்று பதில் வேறு.

டெஸ்க்டாப் யூஐ (பயனர் இடைமுகம்) எழுதுகிறவர்களிடம் இதையே வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிடுகிறேன்.

"கண் சிமிட்டும் நேரம்தானே, இது ஒரு பிரச்சினையா?" என்பவர்களுக்கு முதலில். எல்லா விண்டோவும் வெள்ளையாக இருந்த காலத்தில் வெள்ளைமேல் வெள்ளை பூசினால் யாருக்கும் தெரியாது. 2018-இல் மேக்ஓஎஸ் மொஹாவேயும் விண்டோஸ் 10-இன் ஃபைல் எக்ஸ்ப்ளோரரும் டார்க் தீமுக்கு வந்தன. ஆண்டுக்கணக்காக ஒளிந்திருந்த குறை அதற்கப்புறம் எல்லோர் கண்ணிலும் பட ஆரம்பித்தது. டார்க் தீமைத் தேடிப் போடுகிறவர்கள் யார்? இருட்டு அறையில் வேலை செய்கிறவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறவர்கள். அவர்கள் முகத்தில்தான் டார்ச் அடிக்கிறோம்.

மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களை மனதில் வைத்து, டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை வழிகாட்டி வினாடிக்கு 3 முறைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்கிறது. விண்டோ திறக்கும்போது ஒருமுறை மின்னுவது அந்த வரம்பைத் தாண்டாது, உண்மைதான். ஆனால் இதே அலட்சியத்தில் எழுதிய விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அளவு மாற மாற வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. அங்கே அந்த வரம்பு என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, டபுள் பஃபரிங்குக்கு வருவோம். எங்கள் தொழிலில் இது ஒரு சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது. எது மின்னினாலும் டபுள் பஃபர் போடு. அது செய்கிற வேலை என்ன? வரைய வேண்டியதையெல்லாம் மெமரியில் ஒரு பிட்மேப்பில் வரைந்து முடித்து, ஒரே தடவையில் திரைக்கு மாற்றுகிறது. பின்னணி பூசி, அதன்மேல் கோடு போட்டு, அதன்மேல் எழுத்து போடும் இடைநிலைகள் பயனரின் கண்ணில் படாமல் மறைக்கிறது. நல்ல விஷயம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது முழுக்க முழுக்கப் பெயின்ட் மெசேஜ் ("இப்போது உன்னை வரைந்துகொள்" என்று சிஸ்டம் விண்டோவுக்குச் சொல்லும் செய்தி) வந்த பிறகு நடக்கிற கதை. விண்டோ திறக்கும்போது தெரிகிற வெள்ளையோ, பெயின்ட் மெசேஜ் வருவதற்கு முன்னால் தெரிகிறது. கோளாறு ஓரிடத்தில், வைத்தியம் வேறிடத்தில்.

விண்டோஸின் அடிப்படை நிரல் இடைமுகமான வின்32-இல் வரிசையைக் கவனியுங்கள். ஷோ விண்டோ ஃபங்ஷனைக் கூப்பிட்டதும், அது திரும்பி வருவதற்குள்ளேயே, சிஸ்டம் உங்கள் விண்டோவுக்குப் பின்னணியை அழித்துப் பூசச் சொல்லும் எரேஸ் பேக்ரவுண்ட் மெசேஜை நேரடியாக அனுப்பிவிடும். நீங்கள் அதைக் கையாளவில்லை என்றால், விண்டோ கிளாஸில் (அந்த வகை விண்டோக்களுக்கான பொது வார்ப்பில்) பதிந்து வைத்த பிரஷ்ஷை, அதாவது பின்னணி நிறத்தை, எடுத்துச் சிஸ்டத்தின் டிஃபால்ட் புரொசீஜர் பூசிவிடும். அந்தப் பிரஷ் எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு பழைய டுட்டோரியலிலிருந்து காப்பி செய்த "கலர் விண்டோ பிளஸ் ஒன்". சாதாரணமாக அது வெள்ளை. பெயின்ட் மெசேஜ் அப்படி உடனே வராது. மெசேஜ்கள் காத்திருக்கும் க்யூவில் வேறு எதுவும் இல்லாதபோதுதான் சிஸ்டம் அதை உருவாக்கித் தரும். இந்த இடைவெளியில் நீங்கள் டேட்டாபேஸைத் திறந்து, லிஸ்ட்டை நிரப்பி, ஐகான்களை டிஸ்க்கிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 16.7 மில்லிசெகண்ட். 50 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் மூன்று ஃபிரேம் முழுக்க வெள்ளை. எல்லா விண்டோக்களையும் சேர்த்துத் திரையில் வைக்கும் காம்பசிட்டர் உங்களுக்காகக் காத்திருக்காது, அந்த நேரத்தில் உங்கள் விண்டோவின் சர்ஃபேஸில் எது இருக்கிறதோ அதை எடுத்துத் திரையில் வைத்துவிடும்.

டாட்நெட்டில் விண்டோ எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான வின்ஃபார்ம்ஸில் இன்னும் வேடிக்கை. அங்கே டபுள் பஃபர்டை ட்ரூ ஆக்கினால், ஃபிரேம்வொர்க் எரேஸ் மெசேஜைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, பின்னணி பூசும் வேலையையும் பெயின்ட்டுக்குள் தள்ளிவிடுகிறது. அதாவது இடைவெளி அப்படியே இருக்க, அந்த இடைவெளியில் உங்கள் பேக் கலரைப் பூசுவதற்கு இருந்த ஒரே வாய்ப்பையும் நீங்களே மூடிவிடுகிறீர்கள். திறக்கும்போது வரும் மின்னலுக்கு இந்த ஒரு வரி சில சமயம் நிலைமையை மோசமாக்குவது இதனால்தான். போதாததற்கு, ஃபார்முக்குப் போட்ட டபுள் பஃபர் அதனுள் இருக்கும் சைல்டு கன்ட்ரோல்களுக்குப் போகாது. லிஸ்ட் வியூவும் டெக்ஸ்ட் பாக்ஸும் தனித்தனி விண்டோக்கள், அவையவை தம் இஷ்டத்துக்குத் தம் நிறத்தைப் பூசிக்கொள்ளும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? க்யூட்டி என்ற யூஐ நூலகத்தில் 4-ஆம் பதிப்பு முதல் எல்லா விட்ஜெட்டுக்கும் டபுள் பஃபரிங் தானாகவே உண்டு. ஜாவாவின் யூஐ நூலகமான ஸ்விங்கிலும் டிஃபால்ட்டாக உண்டு. இரண்டிலும் எழுதிய அப்ளிகேஷன்கள் திறக்கும்போது மின்னுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். டபுள் பஃபரிங்தான் மருந்து என்றால் அங்கே இந்த நோயே இருக்கக்கூடாது.

மற்ற கைவைத்தியங்களைச் சீக்கிரமாக முடித்துவிடுகிறேன். சஸ்பெண்ட் லேஅவுட் பெயின்ட்டை நிறுத்தாது, லேஅவுட் கணக்கை மட்டும் தள்ளிப்போடும். விண்டோ வரைவதைப் பூட்டும் லாக் விண்டோ அப்டேட் இதற்காகச் செய்ததே அல்ல, ஒரு நேரத்தில் ஒரு விண்டோவை மட்டும்தான் அதனால் பூட்ட முடியும். வரைவதை நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் சொல்லும் செட் ரீட்ரா மெசேஜ், ஏற்கெனவே திரையில் இருக்கும் லிஸ்ட்டை நிரப்பும்போது உதவும். மறைந்திருக்கும் விண்டோவுக்கு ட்ரூ என்று அனுப்பினால், நீங்கள் எதிர்பாராத நேரத்தில் அது எழுந்து நிற்கும். டைமர் வைத்து 100 மில்லிசெகண்ட் கழித்துக் காட்டுகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. உங்கள் மெஷினுக்கு 100 போதும், பயனரின் மெஷினுக்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

கையை வைப்பதற்கு முன் யார் பூசுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். விண்டோ கிளாஸின் பிரஷ்ஷைச் சிவப்பாக மாற்றுங்கள். பேரண்ட் பேனலுக்குப் பச்சை, சைல்டு கன்ட்ரோலுக்கு நீலம். பெயின்ட் ஹேண்ட்லரின் முதல் வரியில் அரை வினாடி ஸ்லீப் போடுங்கள் (கமிட் செய்துவிடாதீர்கள், செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்). இப்போது விண்டோவைத் திறந்தால் எந்த நிறம் நிற்கிறதோ அவர்தான் குற்றவாளி. சிவப்பு நின்றால் கிளாஸ் பிரஷ். பச்சை நின்று அதன்மேல் நீலம் துண்டு துண்டாக வந்தால், பேரண்ட் தன் சைல்டுகளின் இடத்தையும் சேர்த்துப் பூசிக்கொண்டிருக்கிறது. மூன்றும் இல்லாமல் இன்னும் வெள்ளையே என்றால் உள்ளே எங்கோ ஒரு வெப்வியூ (வலைப்பக்கம் காட்டும் கன்ட்ரோல்) உட்கார்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இதைச் செய்யாமல் யூகத்தில் ஆரம்பித்தால் அந்த மதியம் போய்விடும்.

இனி, தயவுசெய்து இவற்றையெல்லாம் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விண்டோவை உருவாக்கும்போதே விசிபிள் ஸ்டைலைக் கொடுக்காதீர்கள். உருவாக்குங்கள், சைல்டு கன்ட்ரோல்களைச் சேருங்கள், இடத்தில் வையுங்கள், தீமைப் போடுங்கள், எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் காட்டுங்கள். டைட்டில் பாருக்கான டார்க் அட்ரிபியூட்டும் காட்டுவதற்கு முன்னால்தான். இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் மேலே ஒரு வெள்ளைப் பட்டை ஒருமுறை சிமிட்டும். வின்ஃபார்ம்ஸில் நிறங்களை ஷோன் ஈவென்ட்டில் மாற்றுவது நான் பார்க்கிற பழக்கங்களிலேயே என்னை மிகவும் கடுப்பேற்றுவது. அதன் பெயரே சொல்கிறது, காட்டியாகிவிட்டது என்று! கன்ஸ்ட்ரக்டரில் மாற்றுங்கள், போனால் போகிறது என்று லோடிலாவது மாற்றுங்கள்.

கிளாஸ் பிரஷ் தீமின் நிறத்தில் இருக்கட்டும். பயனர் தீமை மாற்றக்கூடும் என்றால் எரேஸ் மெசேஜை நீங்களே பிடித்து அப்போதைய நிறத்தைப் பூசி, பூஜ்யம் அல்லாத மதிப்பைத் திருப்பி அனுப்புங்கள். இணையத்தில் கிடைக்கிற அறிவுரை "ஒன்றும் பூசாமல் ஒன்று என்று திருப்பி அனுப்பு" என்பது. பெயின்ட் ஹேண்ட்லர் ஒரு பிக்சல் விடாமல் நிரப்பினால்தான் அது பொருந்தும். விடுபட்ட இடத்தில் பழைய குப்பை அப்படியே தெரியும். நிரப்பினாலும்கூட, திறக்கும் அந்த நேரத்தில் உங்கள் நிறத்தைப் பூசி வைத்திருப்பதே பாதுகாப்பு.

பேரண்ட் விண்டோவுக்கு, சைல்டுகளின் இடத்தைப் பூசாமல் விடும் கிளிப் சில்ட்ரன் ஸ்டைலைக் கொடுங்கள். அளவு மாறும்போதெல்லாம் முழு விண்டோவையும் மீண்டும் வரைய வைக்கும் எச்-ரீட்ரா, வி-ரீட்ரா கிளாஸ் ஸ்டைல்கள் உண்மையிலேயே தேவையா என்று பார்த்து, இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். காம்போசிட்டட் எக்ஸ்டெண்டட் ஸ்டைல் எல்லா சைல்டுகளையும் சேர்த்து ஒரே பஃபரில் வரையும், ஆனால் சில கன்ட்ரோல்கள் அதோடு முரண்டு பிடிக்கும். எல்லாத் திரைகளையும் ஓட்டிப் பார்க்காமல் அதைப் போடாதீர்கள்.

காட்டிய உடனேயே அப்டேட் விண்டோவைக் கூப்பிடுங்கள். பெயின்ட் மெசேஜ் க்யூவில் நிற்காமல் நேரே வந்து சேரும். சைல்டுகளும் அப்போதே வரைய வேண்டுமென்றால் ரீட்ரா விண்டோவில் அப்டேட் நவ், ஆல் சில்ட்ரன் இரண்டு கொடிகளையும் சேர்த்துக் கொடுங்கள். கனமான வேலையை அதற்குப் பிறகு, முடிந்தால் வேறொரு த்ரெட்டில் ஆரம்பியுங்கள். காலியான ஆனால் சரியான நிறத்தில் உள்ள விண்டோவைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வலைத் தொழில்நுட்பத்தில் டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுத உதவும் எலக்ட்ரானில் வழி இன்னும் எளிது, ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை. விண்டோவை ஷோ ஃபால்ஸ் என்று உருவாக்கி, ரெடி-டு-ஷோ ஈவென்ட் வந்ததும் காட்டுங்கள். பேக்ரவுண்ட் கலரையும் கொடுங்கள், சும்மா விட்டால் அது வெள்ளை. வெப்வியூ2 பயன்படுத்துகிறவர்கள் டிஃபால்ட் பேக்ரவுண்ட் கலர் என்ற பிராப்பர்ட்டியைப் பார்க்கவும், அதுவும் சும்மா விட்டால் வெள்ளைதான். உங்கள் எச்டிஎம்எல் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் கறுப்பு என்று எழுதியிருப்பது பக்கம் லோடாகும் வரை ஒன்றுக்கும் உதவாது.

எல்லாம் செய்தும் போகவில்லை, உள்ளே இருப்பது உங்கள் கையில் இல்லாத ஒரு கன்ட்ரோல் என்றால், விண்டோஸ் 8 முதல் அதன் காம்பசிட்டரான டிடபிள்யூஎம்-இல் க்ளோக் என்ற அட்ரிபியூட் இருக்கிறது. விண்டோ வழக்கம்போல வரைந்துகொண்டிருக்கும், திரையில் மட்டும் தெரியாது. முதல் பெயின்ட் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் கண்ணுக்குத் தெரியாத விண்டோ ஒன்று ஃபோகஸை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே எரர் வந்து வெளியேறும் பாதைகளிலும் எடுக்க வேண்டும்.

"என் மெஷினில் தெரியவில்லை" என்று எழுதும் முன் ஒருமுறை ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறந்து பாருங்கள். திரையை வீடியோவாகப் பதிந்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். டிபிஐ (திரையின் புள்ளி அடர்த்தி) வேறான இரண்டாவது மானிட்டரிலும் திறந்து பாருங்கள். விண்டோ முதல் மானிட்டரின் கணக்கில் உருவாகிப் பிறகு அங்கே நகர்ந்தால், டிபிஐ மாறிய மெசேஜ் வந்து அளவு மாறி, நீங்கள் அடக்கி வைத்த மின்னல் இன்னொரு முறை தலைகாட்டும். அதனால் எந்த மானிட்டரில் காட்டப்போகிறீர்களோ அதன் ஆயங்களோடேயே விண்டோவை உருவாக்குங்கள்.