ஒரே வீடு, இரண்டு அடுப்பு: தனி ரேஷன் அட்டை வாங்கும் வழி

கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறைகளும் தறிகளும் உள்ள தெருக்களில் முன்கட்டில் அண்ணன், பின்கட்டில் தம்பி, மாடியில் வாடகைக் குடித்தனம் என்று ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பங்கள் இருப்பது சாதாரணம். அண்ணனும் தம்பியும் இன்னும் அப்பா அட்டையிலேயே இருந்தால் மாதாமாதம் நட்டம். 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ, 25 ரூபாய்க்குப் பாமாயில் ஒரு லிட்டர் என்பதெல்லாம் அட்டைக்குத்தான், ஆளுக்கு இல்லை. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். மாமியார் வாங்கினால் மருமகளுக்குக் கிடையாது.

தனி அட்டைக்குத் தனி வீடு தேவையில்லை, தனிச் சமையல் இருந்தால் போதும். "ஒரே வீடா, முடியாது" என்று கவுன்ட்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். பொது விநியோகத் துறை இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு எண்ணைக் குறித்து வையுங்கள்.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது பெயர் நீக்கத்தில். ஓர் ஆதார் ஓர் அட்டையில்தான் இருக்க முடியும் என்பதால் பழைய அட்டையில் பெயரை எடுத்தாக வேண்டும். அதற்கான ஓ.டி.பி. அப்பா அட்டையில் பதிந்த கைபேசிக்குப் போகும். அந்த சிம் செத்துப் பல வருடம் ஆகியிருக்கும். முதலில் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்து எண்ணை மாற்றுங்கள். மனைவியின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருந்தால் அங்கேயும் இதே வேலைதான். பெயரை எடுத்த நாள் முதல் புது அட்டை வரும்வரை எந்தக் கடையிலும் உங்களுக்குப் பொருள் இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியானால் இரண்டு அட்டையிலும் இல்லை. அதனால் எல்லாக் காகிதமும் கைக்கு வராமல் பெயரை நீக்காதீர்கள்.

காகிதம் என்றால் எல்லாருடைய ஆதார், குடும்பத் தலைவர் படம், முகவரிச் சான்று. கணவன் மனைவி ஆதாரில் ஒரே முகவரி இருக்கட்டும். "பின்கட்டு", "மாடி" என்று சேர்த்துவிட்டால் அப்பா முகவரியிலிருந்து பிரிந்து தெரியும். கேஸ் இணைப்பு எங்கே என்பார்கள். இலவச கேஸ் கேட்டுப் போனால் அங்கே ரேஷன் அட்டை எங்கே என்பார்கள். இந்தச் சுற்றில் சிக்காமல், முடிந்தால் முகவரிச் சான்றைக் காட்டிச் சாதாரண இணைப்பு எடுங்கள். முடியாவிட்டால் இணைப்பு இல்லை என்றே எழுதி, எதில் சமைக்கிறீர்களோ அந்த அடுப்பைக் காட்டுங்கள்.

பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் சர்க்கரை அட்டை என்றோ பண்டகமில்லா அட்டை என்றோ தட்டிவிடுவார்கள். அரிசி அட்டைதானா என்று பார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

விசாரணைக்கு வருகிறவர் பார்ப்பது அடுப்பு, பாத்திரம், அரிசி டிரம். இருவரும் வேலைக்குப் போய்விட்டால் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதி முடித்துவிடுவார்கள். பகலில் எடுக்கக்கூடிய எண்ணைக் கொடுங்கள். பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள், முன்பே சொல்லி வையுங்கள்.

அட்டை வந்த பிறகும் ஒரு முள் உண்டு: மின் மீட்டர். வீட்டின் மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருந்தால்தான் உரிமைத் தொகை. இரண்டு மாதத்துக்கு 600. மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றால் கோடையில் தாண்டிவிடும். நிராகரிப்பு குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த மீட்டரில் உள்ள எல்லாக் குடும்பங்களின் அட்டை நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

அட்டை இழுத்தடித்தால் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமுக்குப் போங்கள், அல்லது 1967க்கு அழையுங்கள். தள்ளுபடி என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்து மேலே போக முடியாது.