இலையில் விழுந்தும் பசி தீராதவர்கள்

குறுக்குத்துறை ஆற்று மணலில் மூன்று பையன்கள் பந்து எறிந்து விளையாடுகிறார்கள். திடீரென்று இருவர் தங்களுக்குள்ளேயே எறிய ஆரம்பிக்க, மூன்றாமவன் "ஏல, எனக்கும் போடுல" என்கிறான். பந்து வரவில்லை. கரையில் நிற்கிற நமக்கே சுருக்கென்கிறது.

உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸுக்கு ஒரு பூங்காவில் இதேபோல் நேர்ந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'சைபர்பால்' என்ற கணினி விளையாட்டு. கூட ஆடும் இருவரும் மனிதர்கள் என்று நம்பவைப்பார்கள். உண்மையில் அது வெறும் நிரல். சற்று நேரத்தில் பந்து வருவது நின்றுவிடும். 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழு ஸ்கேன் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து இதை ஆடச் சொன்னது. ஒதுக்கப்பட்டபோது, உடல் வலியிலும் வேலை செய்யும் முன் சிங்குலேட் புறணி கிளர்ந்தது. வலது முன்நெற்றிப் புறணியின் கீழ்ப்பகுதி கூடுதலாக இயங்கியவர்களுக்கு வேதனை குறைவு. அது ஒரு பிரேக். இதை வைத்து 'மனவலியும் உடல்வலியும் ஒன்றே' என்று எழுதித் தள்ளினார்கள்; அது கொஞ்சம் அதிகம். ஒரே இடம்தான் என்றாலும் இரண்டின் இயக்கக் கோலமும் வேறு என்று பின்னால் தெரியவந்தது.

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களிடம் கதை வேறு. கைவிடப்படுவோமோ என்ற அச்சம் இவர்களை விடாது துரத்தும். இவர்களையும் ஸ்கேனில் வைத்து ஆடவைத்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. ஒதுக்கியபோது மட்டுமல்ல, பந்து ஒழுங்காக வந்தபோதும், எல்லாம் முன்பே வகுத்த விதிப்படிதான் என்று சொல்லிவிட்டு ஆடியபோதும் சிங்குலேட்டும் நடு முன்நெற்றிப் புறணியும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கிளர்ந்தன. சேர்த்துக்கொண்டபோதும் ஒதுக்கப்பட்டதாகவே உணர்ந்தார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

மறுவீட்டுச் சொதிப் பந்தியில் பரிமாறுகிறவர் நம் இலையைத் தாண்டிப் போனால் முகம் வாடும். 'கவனிச்சிருக்க மாட்டாவ' என்று அடுத்த வாளிக்குக் காத்திருப்போம். இவர்களுக்கோ சொதி இலையில் விழுந்த பிறகும் 'கடமைக்கு ஊத்துதாவ' என்றே தோன்றும். வீட்டார் அதை வீம்பு என்பார்கள்.

உளவியலாளர் மார்ஷா லைன்ஹான் வகுத்த டிபிடி (Dialectical Behavior Therapy) என்ற பேச்சுவழிச் சிகிச்சை இங்கே பலன் தருகிறது. தாமும் இளவயதில் மனநல மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011இல் அவரே வெளியில் சொன்னார். 'அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல' என்று அந்தச் சிகிச்சை தொடங்காது. 'சங்கடமாத்தான் இருக்கும்' என்று ஒப்புக்கொண்ட பிறகே, அந்த வாளி எத்தனை இலைக்கு எப்படி ஊற்றியது என்று பார்க்கச் சொல்லும்.