டயாலிசிஸ் செய்பவரின் மனச்சோர்வு: அரசாங்கத்திடம் கேட்டுப் பெறக்கூடியவை

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் டயாலிசிஸுக்கு, அதாவது செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சைக்கு, கட்டணம் இல்லை என்பது மலையகத்தில் பலருக்குத் தெரியும். அந்த நோயாளியைப் பீடிக்கும் மனச்சோர்வுக்கான சிகிச்சையும் அதே இலவச சேவைக்குள் அடங்கும் என்பதைத்தான் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இது அரிதாக வருவதல்ல. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான கணிப்பின்படி, டயாலிசிஸ் செய்பவர்களை நேர்காணல் மூலம் பரிசோதித்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. வினாக்கொத்தை மட்டும் கொண்டு கணித்தபோது அது 39 ஆக உயர்ந்தது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் உண்டு. களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை சிறுநீரகம் செயலிழந்தாலும் வரும், மனம் சோர்ந்தாலும் வரும். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, பதுளையில் நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு படுத்திருந்து, பொழுதுசாய லயத்துக்குத் திரும்பியவர் சுருண்டு கிடந்தால், “மெஷின்ல போட்டா அப்படித்தான்” என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். டயாலிசிஸின் களைப்பு பெரும்பாலும் மறுநாளுக்குள் தணியும். எதிலும் விருப்பமின்மையும், “நான் எல்லாருக்கும் பாரம்” என்ற பேச்சும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, குறித்த தினத்தில் டயாலிசிஸுக்குப் போக மறுத்தாலோ, அதைக் களைப்பென்று தள்ளிவிடக் கூடாது; ஒரு முறை தவறினாலே நீரும் பொட்டாசியமும் உடலில் தேங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

டயாலிசிஸ் பிரிவின் தாதியிடமோ வைத்தியரிடமோ இதைச் சொல்லி, உளநல கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். கிளினிக் கொப்பியைக் கையில் வைத்திருங்கள். அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. ஆயினும் நடைமுறையில் தமிழ் தெரிந்தவர் அங்கில்லாமற் போகலாம் என்பதால், நம்பிக்கையான பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். தகப்பனின் மனத்துயரைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் வாயால் மொழிபெயர்க்க வைப்பது இருவருக்கும் கொடுமை. மனச்சோர்வு மாத்திரைகளில் சிலவற்றின் அளவைச் சிறுநீரகத்துக்கேற்பக் குறைக்க வேண்டியிருப்பதால், பார்மசியில் தாமாக எதையும் வாங்கக் கூடாது. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாமல், 1990 அம்புலன்ஸை அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்தது பணம். சிறுநீரக நோயாளருக்கான மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. தோட்ட வேலைக்குப் போக முடியாமல் பேர் விழாத நாட்களின் சம்பளத்துக்கு அது ஈடாகாது என்றாலும், பஸ் செலவுக்குக் கடன் கேட்கும் கூச்சம் குறையும். கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்து, அடையாள அட்டை, வைத்திய அறிக்கை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தவிருப்பவர்கள் ஜனாதிபதி நிதியத்தின் உதவிக்கும் 2025 பெப்ரவரி முதல் அங்கேயே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. மனம் சோர்ந்தவர் இந்தப் படிகளைத் தாமாக ஏறமாட்டார் என்பதால், விண்ணப்பத்தை வீட்டாரே நிரப்பி, கையொப்பத்துக்கு மட்டும் அவரிடம் கொடுப்பது நல்லது.