ஆறு கஞ்சாச் செடிகளும் இரண்டு அரசுகளும்: அமெரிக்காவில் சட்டம் எங்கிருந்து வருகிறது?

2002 ஆகஸ்டில் வட கலிஃபோர்னியாவில் ஒரு பெண்ணின் வீட்டுக்கு இரண்டு தரப்பு அதிகாரிகள் சேர்ந்து வந்தார்கள். ஒரு தரப்பு உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிஃபின் ஆட்கள். மற்றவர்கள் மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்பு ஏஜென்டுகள். வீட்டில் ஆறு கஞ்சாச் செடிகள் இருந்தன. முதுகுவலிக்காக மருத்துவர் பரிந்துரைத்ததால் அவர் வளர்த்தவை. ஷெரிஃபின் ஆட்கள் பார்த்துவிட்டு, சட்டப்படி இதில் தவறில்லை என்றார்கள். ஏஜென்டுகளோ இது சட்டப்படி குற்றம் என்றார்கள். மூன்று மணி நேரம் இழுபறி. கடைசியில் ஏஜென்டுகள் ஆறு செடிகளையும் பறிமுதல் செய்து அழித்தார்கள்.

இரண்டு தரப்பும் சொன்னது சரிதான். மருத்துவத்துக்காகக் கஞ்சா பயன்படுத்துவதை 1996-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து அனுமதித்திருந்தார்கள். 1970-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய மத்திய சட்டம் அதைத் தடை செய்திருந்தது. அமெரிக்காவில் ஒரு செயல் சட்டப்படி சரியா என்று யாராவது கேட்டால், முதலில் எந்தச் சட்டப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அங்கே 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசமைப்புச் சட்டம், சட்டமன்றம், நீதிமன்றங்கள், தண்டனைச் சட்டம் எல்லாம் உண்டு. இந்தியாவில் கொலைக்கு நாடு முழுக்க ஒரே சட்டப்பிரிவு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி ஒரு கொலையாளிக்கு மரண தண்டனை கிடைக்கலாம். மிச்சிகன் சட்டப்படி கிடையாது. கொலைக்கு மரண தண்டனை வேண்டாம் என்று மிச்சிகன் 1846-லேயே சட்டம் போட்டுவிட்டது.

1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டம், மத்திய அரசுக்கு இன்னின்ன அதிகாரங்கள்தான் என்று பெயர் சொல்லிக் கொடுத்தது. மிச்சமெல்லாம் மாநிலங்களுக்கு, இல்லாவிட்டால் மக்களுக்கு என்கிறது 10-வது திருத்தம். சரி, இரண்டும் மோதினால்? அரசமைப்புச் சட்டமும், அதற்கு உட்பட்ட மத்திய சட்டங்களும், பிற நாடுகளுடனான உடன்படிக்கைகளும் நாட்டின் தலையாய சட்டம் என்று அதன் 6-வது பிரிவு சொல்கிறது.

செடிகளை இழந்தவர் இன்னொரு நோயாளியுடன் சேர்ந்து வழக்குப் போட்டார். விற்காமல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வளர்க்கும் செடியில் கைவைக்க மத்திய அரசுக்கு ஏது அதிகாரம்? மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்திலிருந்து வருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அதற்குத் துணையாக நின்றது 1942-இல் வந்த ஒரு கோதுமை வழக்கு. ஓஹாயோ விவசாயி ஒருவர் மத்திய அரசின் ஒதுக்கீட்டுக்கு மேல் விளைவித்ததற்கு அபராதம் போட்டார்கள். தன் பண்ணை உபயோகத்துக்குத்தான் என்று அவர் வாதாடியும் பலிக்கவில்லை. அவரைப் போலவே பலரும் செய்தால் நாட்டின் கோதுமைச் சந்தையே பாதிக்கும் என்றது நீதிமன்றம். இந்தத் தர்க்கத்தை ரொம்பத் தூரம் இழுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் சட்டம் இன்றும் அதுதான்.

அப்படியானால் இன்று பல மாநிலங்களில் கஞ்சாக் கடைகள் எப்படி வெளிப்படையாக நடக்கின்றன? மத்திய சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி மாநிலப் போலீஸைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையாது. துப்பாக்கி வாங்குபவர்களைச் சோதிப்பது தொடர்பான ஒரு வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தானே ஆள் அனுப்பிப் பிடித்தால்தான் உண்டு. எல்லா ஊருக்கும் அனுப்ப அவர்களிடம் ஆள் ஏது?

அரசமைப்புச் சட்டத்துக்கும் சட்டமன்றங்கள் இயற்றும் சட்டங்களுக்கும் அடுத்தபடியாக அரசுத் துறைகள் போடும் விதிகள். காற்றில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்பது போன்ற நுணுக்கங்களைக் காங்கிரஸ் துறைகளிடம் விட்டுவிடுகிறது. அவை பொதுவாக வரைவை வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்டு, பிறகு இறுதி விதியை அறிவிக்கும். 1946-இலிருந்து நடைமுறை இதுதான். அந்த விதிக்கும் சட்டத்தின் பலம் உண்டு.

இவற்றையெல்லாம் விட என்னை ஈர்ப்பது நீதிபதிகளே உருவாக்கும் சட்டம். இங்கிலாந்திலிருந்து வந்த மரபு இது. பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் வளர்ந்த லூசியானா மட்டும் உரிமையியல் விஷயங்களில் தனி வழி. நியூயார்க்கில் மெக்ஃபெர்சன் என்பவர் வாங்கிய பியூக் காரின் மரச் சக்கரம் ஓடும்போதே நொறுங்கி அவருக்குக் காயம். அவர் காரை வாங்கியது டீலரிடம். சக்கரத்தைச் செய்தது வேறொரு நிறுவனம். நேரடியாக ஒப்பந்தம் இல்லாதவர் தயாரிப்பாளர் மேல் கவனக்குறைவு வழக்குப் போட முடியாது என்பதுதான் அதுவரை இருந்த பொது விதி. கவனக்குறைவாகச் செய்தால் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய எந்தப் பொருளுக்கும், அதைப் பயன்படுத்துபவரிடம் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு என்று 1916-இல் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார். எந்தச் சட்டமன்றமும் இதற்காக வாக்களிக்கவில்லை. மற்ற மாநில நீதிமன்றங்களும் ஒவ்வொன்றாக இதே வழிக்கு வந்தன. இப்படிப் பிறந்த சட்டத்தை மாற்ற சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டால் போதும். அரசமைப்புச் சட்டத்துக்கு நீதிமன்றம் சொல்லும் பொருளை அப்படி மாற்ற முடியாது.

எங்கிருந்து வந்தது என்பது போக, என்ன வகை என்ற கேள்வியும் உண்டு. முதலில் குற்றவியல், உரிமையியல் என்ற பிரிவு. அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஓ.ஜே. சிம்ப்சனை இரட்டைக் கொலை வழக்கில் 1995-இல் பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழுவான ஜூரி விடுவித்தது. அதே மரணங்களுக்காக 1997-இல் இன்னொரு ஜூரி அவரைப் பொறுப்பாக்கியது. இழப்பீடு மொத்தம் 3.35 கோடி டாலர். இதில் முரண்பாடு இல்லை. சிறைக்கு அனுப்ப, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். பணம் வசூலிக்க, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று வாதி காட்டினால் போதும்.

அப்புறம், எது குற்றம் என்று சொல்லும் சட்டம் வேறு, எப்படி விசாரிப்பது என்று சொல்லும் நடைமுறைச் சட்டம் வேறு. நடைமுறைதானே என்று நினைப்பவர்கள் கிளாரன்ஸ் கிடியனின் வழக்கைப் படிக்க வேண்டும். 1961-இல் ஃபுளோரிடாவில் ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தில் புகுந்து திருடியதாக அவரைப் பிடித்தார்கள். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை. நீதிமன்றமும் ஏற்பாடு செய்யவில்லை. தானே வாதாடித் தோற்று ஐந்து ஆண்டு தண்டனை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1791-இன் 6-வது திருத்தம் வழக்கறிஞர் உதவியை உரிமையாக்குகிறது. 1868-இன் 14-வது திருத்தம் அதை மாநிலங்களுக்கும் பொருந்தச் செய்கிறது என்று 1963-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்காக 1942-இல் அதே நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை ரத்து செய்தார்கள். அதே குற்றச்சாட்டில், அதே நீதிபதி முன் மறுவிசாரணை நடந்தது. இந்த முறை பக்கத்தில் வழக்கறிஞர் இருந்தார். சுமார் ஒரு மணி நேரத்தில் ஜூரி கிடியனை விடுவித்தது. வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவர்களுக்காக வாதாட அரசுச் செலவில் வழக்கறிஞர்களை நியமிக்கும் சட்டத்தை ஃபுளோரிடா சட்டமன்றம் அதே ஆண்டு நிறைவேற்றியது.