பிரிண்ட் வரவில்லையா? அப்டேட்டை நிறுத்தாதீர்கள்

தென்மேற்குப் பருவமழை நீலகிரியில் இறங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டே வார்த்தைதான். "பிரிண்ட் வரல."

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் தேயிலை ஃபேக்டரி அலுவலகங்கள், பள்ளிகள், ஜெராக்ஸ் கடைகள் என்று கணினி பராமரிப்பு பார்க்கிறேன். இவர்களில் பலர் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸுக்கு மாறிவிட்டார்கள். கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை; பழைய கணினி புதிய விண்டோஸைத் தாங்காது, அவ்வளவுதான். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். லினக்ஸ் வகைகளில் உபுண்டு, மின்ட் இரண்டும்தான் அதிகம்.

இந்தப் பதிவு ஒரு பருவமழையில் நான் போன ஒரு ஃபேக்டரி அலுவலகத்தைப் பற்றியது. இலை விவசாயிகளுக்கு மாதப் பணம் கொடுக்கும் நாள். எடைக் கவுன்ட்டரிலும் ஸ்டோரிலும் இருக்கும் கணினிகளிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் எதுவும் வரவில்லை. பிரிண்டர் அலுவலகக் கணினியில் யுஎஸ்பி கேபிளால் இணைக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டும் ஷேரிங் வழியாக அதைப் பயன்படுத்துகின்றன. வாசலில் குடையோடு முப்பது பேர் நிற்கிறார்கள்.

கணக்கு பார்க்கும் அக்கா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வாக்கியம்: "தம்பி, நாங்க அப்டேட் எதுவும் போடலை. சத்தியமா."

அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வேலை.

எந்தப் பிரிண்டர் ஷேரிங் புகாரிலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான்: பிரிண்டர் நேரடியாக மாட்டியிருக்கும் கணினியிலிருந்தே ஒரு டெஸ்ட் பேஜ் கொடுப்பேன். அங்கே வந்து மற்ற இடங்களில் வரவில்லை என்றால் கோளாறு நெட்வொர்க்கில். அங்கேயே வரவில்லை என்றால் ஷேரிங்கைத் தொடவே வேண்டாம். கேபிள், டிரைவர், க்யூ (அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை), தாள் என்று பார்த்தால் போதும். இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் மூன்று கணினியிலும் பிரிண்டரை அழித்து அழித்துச் சேர்த்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாள் என்றதும் சிரிக்காதீர்கள். மலையில் இது பெரிய விஷயம். மூடுபனி வாரக்கணக்கில் நிற்கும்போது, பிரித்து வைத்த தாள்கட்டு அப்பளம் போல நமத்துவிடும். லேசர் பிரிண்டர் மைத்தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது. ஈரம் ஏறிய தாள் அந்தச் சூட்டில் சுருண்டு உள்ளே சிக்கும், இல்லையென்றால் எழுத்து வெளிறி விழும். "லினக்ஸ் போட்டதிலிருந்து ஜாம் ஆகுது" என்று சொன்ன ஒரு கடையில் நான் செய்த ஒரே சர்வீஸ், தாள்கட்டை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கச் சொன்னதுதான்.

அடுத்து க்யூ. லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் தொடங்கியது; மேக் கணினிகளிலும் இதுதான் ஓடுகிறது. பிரிண்டர் உள்ள கணினியின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், ஒரு முக்காற்புள்ளி, 631 என்று அடித்தால் இதன் பக்கம் திறக்கும். கரன்ட் போன நேரத்தில் ஒரு வேலை பாதியில் நின்றிருந்தால் க்யூவே "நிறுத்தப்பட்டது" என்று தூங்கிக்கொண்டிருக்கும். பிரிண்டரை அணைத்துப் போட்டாலும் அது எழாது. அந்தப் பக்கத்தில் போய் மறுபடி தொடங்கு என்று நாம் சொல்ல வேண்டும். பிழை வந்தால் நிறுத்தாமல் மறுபடி முயலும்படி மாற்றிவைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. நம் ஊர் கரன்ட்டுக்கு அதுதான் சரி.

அந்த ஃபேக்டரியில் டெஸ்ட் பேஜ் பளிச்சென்று வந்தது. ஆக, நெட்வொர்க். அலுவலகக் கணினியின் ஐபி முகவரியைப் பார்த்தேன்: 192.168.1.12. எடைக் கவுன்ட்டர் கணினியோ 192.168.1.7-ஐத் தேடிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. முந்தைய இரவு லைனில் மரம் விழுந்து விடிய விடிய கரன்ட் இல்லை. காலையில் ரவுட்டர் எழுந்து, பழைய ஞாபகம் இல்லாமல், வந்தவர்களுக்கெல்லாம் புதிதாக எண் கொடுத்திருக்கிறது. வீடு மாறிப்போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்ட கதை.

இதற்கு நிரந்தர வழி, ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவைப்பது. அல்லது எண்ணுக்குப் பதிலாகக் கணினியின் பெயரோடு 'புள்ளி லோக்கல்' சேர்த்துப் பிரிண்டரைச் சேர்ப்பது. எண் மாறினாலும் பெயர் மாறாது. நான் இரண்டையும் செய்துவிடுவேன். பத்து நிமிடத்தில் எடைக் கவுன்ட்டரிலிருந்து முதல் சீட்டு வந்தது.

அப்புறம்தான் அக்காவிடம் கேட்டேன், அப்டேட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று.

"முன்ன ஒரு தடவை இதே மாதிரி நின்னுச்சு தம்பி. அன்னிக்குக் காலையிலதான் அப்டேட் கேட்டுச்சு, போட்டேன். ரீஸ்டார்ட் ஆச்சு, பிரிண்டர் போச்சு. வந்தவர் அப்டேட்டாலதான்னு சொல்லி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போனார்."

"அதுக்கு முந்தின நாள் ராத்திரி கரன்ட் இருந்துச்சா அக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்லையே. ரெண்டு நாளா இல்லையே."

அப்போதும் பழி சேர வேண்டியது ரவுட்டர் கொடுத்த எண் மீதுதான். பக்கத்தில் நின்ற அப்டேட் மாட்டிக்கொண்டது. அதைக்கூட மன்னித்துவிடலாம், "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு" என்பதில் எதெல்லாம் அடங்கும் என்று பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தானியங்கி அப்டேட் நிறுத்தப்பட்டு, கடைசியாகப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) ஏறியது 2024 பிப்ரவரியில். வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் அணைக்கப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, மேனேஜர் வீட்டிலிருந்து பிரிண்ட் கொடுக்க வசதியாக, ரவுட்டரில் டிஎம்இஸட் என்ற இடத்தில் இந்தக் கணினியைப் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து இணையம் வழியாக வரும் எதையும் நேராக இந்தக் கணினிக்கு அனுப்பு என்று அதற்கு அர்த்தம். சிசிடிவி பார்ப்பதற்காக நிலையான ஐபி வேறு வாங்கியிருந்தார்கள். கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலில் விலாசப் பலகையும் மாட்டியாயிற்று.

இது ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு அச்சு மென்பொருளின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2024 செப்டம்பர் 26 அன்று சிமோனே மார்கரிடெல்லி என்ற இத்தாலியப் பாதுகாப்பு ஆய்வாளர் கப்ஸ் தொடர்பான நான்கு ஓட்டைகளை வெளியிட்டார். அதன் துணை மென்பொருளான கப்ஸ்-பிரவுஸ்டு, நெட்வொர்க்கில் புதிய பிரிண்டர் ஏதாவது இருக்கிறதா என்று 631-ஆம் யுடிபி போர்ட்டில் (நெட்வொர்க் தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்) காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். யார் சொன்னாலும் நம்பிவிடும் என்பதுதான் சிக்கல். வெளியாள் ஒருவர் "நான் ஒரு பிரிண்டர்" என்று ஒரு பொட்டலத் தகவல் அனுப்பினால் போதும். கேட்காமலேயே அந்தப் போலி பிரிண்டர் பட்டியலில் சேர்ந்துவிடும். அதற்கு யாராவது பிரிண்ட் கொடுக்கும் நொடியில் தாக்குபவரின் கட்டளை நம் கணினியில் ஓடும். பேட்ச்கள் உடனடியாக வரத் தொடங்கின. அப்டேட் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. சாதாரண வீட்டு ரவுட்டருக்குப் பின்னால், ஃபயர்வாலோடு இருந்தவர்களை வெளியாள் நேரடியாக எட்டவும் முடியாது. இந்த அலுவலகத்தில் ரவுட்டர், ஃபயர்வால், பேட்ச் மூன்றையும் நாமே விலக்கி வைத்திருந்தோம்.

உள்ளே யாரும் வந்தார்களா? எனக்குத் தெரிந்த இடங்களில் தேடினேன், தடயம் கிடைக்கவில்லை. அதை வைத்துத் தப்பித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விவசாயிகளின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிற கணினி அது. கோப்புகளை மட்டும் நகலெடுத்து, சிஸ்டத்தை முதலிலிருந்து நிறுவினேன். ஃபயர்வாலைப் போட்டு, 192.168.1 என்று தொடங்கும் உள் முகவரிகளுக்கு மட்டும் 631-ஐத் திறந்தேன். பிரிண்டர் தானாகக் கண்ணில் பட வேண்டும் என்றால் 5353 யுடிபியையும் அதேபோல உள்ளுக்குள் மட்டும் திறக்கலாம். ஷேரிங்குக்கு இவ்வளவுதான் தேவை. ஃபயர்வாலைச் சோதனைக்காக ஐந்து நிமிடம் அணைப்பது தவறில்லை. திரும்பப் போட மறப்பதுதான் நடக்கிறது. மேனேஜர் சாருக்கு டிஎம்இஸட்டை எடுத்துவிட்டேன் என்று சொன்னபோது முகம் சுருங்கியது. வீட்டிலிருந்து பிடிஎஃப் அனுப்புங்கள், அக்கா பிரிண்ட் எடுத்துத் தருவார் என்றேன். அவர் மாதத்துக்கு இரண்டு தாள்தான் அனுப்புகிறார் என்று பிறகு தெரிந்தது.

விண்டோஸ் கணினி கலந்திருக்கும் அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. பிரிண்டரைக் காணவில்லை என்றால் எஸ்எம்பி1-ஐத் திரும்பப் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் பேட்ச் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது என்பது கூடுதல் வேதனை. விண்டோஸிலும் பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் லினக்ஸ் கணினியின் 631 முகவரியை நேரடியாகக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும்.

மற்ற இரண்டு கணினிகளுக்கும் பேட்ச் போட உட்கார்ந்தால், இரண்டும் மறுத்தன. இதுவும் பலர் அப்டேட்டைக் கைவிடும் இடம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

எடைக் கவுன்ட்டர் கணினி, சர்வரில் உள்ள அப்டேட் பட்டியல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்றது. மூலையில் தேதியைப் பார்த்தால் சில ஆண்டுகள் பின்னால் இருந்தது. மதர்போர்டில் இருக்கும் சிறிய வட்ட பேட்டரி செத்துவிட்டது; தானாக நேரம் சரிசெய்யும் வசதியும் அணைந்திருந்தது. அதன் கணக்கில் அந்தப் பட்டியல் எதிர்காலத்திலிருந்து வந்தது, அதனால் நம்ப மறுத்தது. சொல்லப்போனால் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சிஆர் 2032 பேட்டரி ஒன்று மாற்றி, தானியங்கி நேரத்தைப் போட்டதும் பேட்ச்கள் இறங்க ஆரம்பித்தன.

ஸ்டோர் கணினியில் எப்போதோ அப்டேட் பாதியில் கரன்ட் போயிருக்கிறது. நிறுவல் இடையில் நின்றுவிட்டது என்று சொல்லி, ஓட்ட வேண்டிய கட்டளையையும் திரையிலேயே காட்டும். அதை அப்படியே தட்டினால் விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும். இதையும், பூட்டு கிடைக்கவில்லை என்ற இன்னொரு செய்தியையும் குழப்பிக்கொள்கிறார்கள். பூட்டு என்றால் பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, காலையில் கணினியைப் போட்டவுடன் இது சகஜம். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்டு அழித்தால், இரண்டு அப்டேட் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு நிஜமாகவே கெடும்.

அப்டேட்டால் பிரிண்டர் நிற்பதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சில எச்பி லேசர்ஜெட் மாடல்களுக்கு எச்பிலிப் என்ற மென்பொருளோடு தனியாக ஒரு பிளகினும் வேண்டும். இரண்டின் பதிப்பும் ஒன்றாக இருந்தாக வேண்டும். எச்பிலிப் புதிதாகிப் பிளகின் பழையதாகவே இருந்தால் அச்சு வராது. பிளகினை மறுபடி இறக்கினால் சரி. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மாறி ஏதாவது கோளாறு என்றால், கணினி தொடங்கும்போது மேம்பட்ட விருப்பங்களில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். மின்ட்டில், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் கூடவே வருகிறது. அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள். அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும், உங்கள் கோப்புகளைச் சேர்க்காது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும். மாதப் பணம் கொடுக்கும் நாளில் அப்டேட் போடாதீர்கள், அது நியாயம். அடுத்த நாள் போடுங்கள், யுபிஎஸ் உயிரோடு இருக்கும்போது.

"அப்டேட் எதுவும் இல்லை" என்று காட்டினால் நிம்மதியடையும் முன் பதிப்பையும் பாருங்கள். உபுண்டு 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை இருக்கிறது. ஆதரவு முடிந்த பதிப்பு பேட்ச் வராததால் அமைதியாக இருக்கும்.

மாலை நான்கு மணிக்குக் கடைசி விவசாயியின் சீட்டும் வந்தது. பிரிண்டரின் முகவரி, கணினியின் பெயர், மாதத்தில் அப்டேட் போட வேண்டிய நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனபோது அதே தாள் லேமினேட் ஆகியிருந்தது. "நமத்துப்போகும்ல தம்பி" என்றார் அக்கா.