அரசியல் கட்சிகளுக்கு அரசு தருவது என்ன?

இந்தியாவில் எந்த அரசியல் கட்சிக்கும் அரசு நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. வாங்கிய வாக்குக்கு இவ்வளவு, வென்ற தொகுதிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கருவூலத்திலிருந்து கட்சியின் வங்கிக் கணக்குக்குத் தொகை அனுப்ப நம் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் பொதுப்பணம் கட்சிகளுக்குப் போகாமல் இல்லை. அது வேறு சில வழிகளில், வாக்காளரின் கண்ணில் அதிகம் படாமல் போகிறது.

எளிதில் புலப்படுவது ஒளிபரப்பு நேரம். குறிப்பிட்ட அளவு வாக்கோ இடமோ பெற்றுத் தேர்தல் ஆணையத்தால் அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கட்சிகளுக்கும் மாநிலக் கட்சிகளுக்கும் தேர்தல் காலத்தில் தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் கட்டணமின்றிப் பேச நேரம் ஒதுக்கப்படுகிறது. 1998-இல் தேர்தல் ஆணையம் அறிவித்த இந்த ஏற்பாட்டுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சட்ட வலிமை தந்தது. அடிப்படை நேரம் எல்லாருக்கும் சமம். அதற்கு மேற்பட்ட நேரம் முந்தைய தேர்தலில் கட்சி பெற்ற வாக்குகளைப் பொறுத்தது. பேச்சின் எழுத்து வடிவத்தை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். இதே கட்சிகளின் வேட்பாளர்களுக்கு வாக்காளர் பட்டியலின் படிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவு மட்டும் பெற்று இன்னும் அங்கீகாரம் பெறாத கட்சிகளுக்கு இவை இரண்டும் இல்லை.

இவற்றைவிடப் பெரிய சலுகை வருமான வரி விலக்கு. இது பதிவு பெற்ற எல்லாக் கட்சிகளுக்கும் உரியது. நன்கொடை, வைப்புத்தொகைக்கு வரும் வட்டி, கட்டட வாடகை, சொத்து விற்ற ஆதாயம் ஆகியவற்றுக்குக் கட்சி வரி கட்ட வேண்டியதில்லை. அதற்கு நிபந்தனைகள் உண்டு. கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டிருக்க வேண்டும். 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவரின் பெயரும் முகவரியும் பதிவாகி, அந்த விவரம் தேர்தல் ஆணையத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கையாகப் போக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக வாங்கக் கூடாது. வருமான வரிக் கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அரசு நிறுவனங்களிடமிருந்தும் வெளிநாட்டு மூலங்களிலிருந்தும் நன்கொடை பெறுவது அறவே கூடாது. ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலில்கூட நிற்காத 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்கியது. தேர்தலில் நிற்காத கட்சிக்கும் பதிவு இருக்கும்வரை வரிவிலக்குக் கோர வழி இருந்தது என்பதை நினைத்தால், அந்த நீக்கம் வெறும் அலுவலகச் சடங்கு அல்ல என்பது விளங்கும்.

நான் மிக முக்கியமானதாகக் கருதுவது நன்கொடை தருபவருக்குக் கிடைக்கும் வரிக்கழிவை. பழைய வரிமுறையில் வரி கட்டும் ஒருவர் ஒரு கட்சிக்குக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தரும் தொகை முழுவதையும் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் ஒரு லட்சம் ரூபாய் தந்தால், மேல்வரியைச் சேர்க்காமலே, அவர் கட்ட வேண்டிய வரியில் 30,000 ரூபாய் குறைகிறது. அந்த ஒரு லட்சத்தில் 70,000 ரூபாய்தான் அவருடையது. மீதி, அரசுக்கு வந்திருக்க வேண்டிய பணம். அது எந்தக் கட்சிக்குப் போக வேண்டும் என்று அவர் ஒருவரே முடிவு செய்கிறார். தெருமுனைக் கூட்டத்தில் உண்டியலில் நூறு ரூபாய் போடும் கூலித் தொழிலாளிக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருக்கு வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை. இருந்தாலும் ரொக்கத்துக்குக் கழிவு இல்லை. ஆக, அரசு விட்டுக்கொடுக்கும் வரி, மக்களிடையே ஒரு கட்சிக்கு இருக்கும் செல்வாக்கைப் பார்த்துப் போவதில்லை. வசதி படைத்தவர்களின் விருப்பத்தைப் பின்தொடர்ந்து போகிறது.

ஜெர்மனியில் நேரடி நிதியுதவியே உண்டு. அதன் விதிகள் வேறு திசையில் செல்கின்றன. அங்கே கட்சி பெறும் ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு தொகை தரப்படுகிறது. தனிமனிதர் ஒருவர் ஆண்டுக்கு 3,300 யூரோ வரை தரும் சந்தாவுக்கும் நன்கொடைக்கும், ஒரு யூரோவுக்கு 45 சென்ட் வீதம் அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. நிறுவனங்களின் நன்கொடைக்கு இந்தச் சேர்ப்பு இல்லை. அரசிடமிருந்து வருவது கட்சி தானே திரட்டிய தொகையை விஞ்சவும் கூடாது. எனவே சிறு தொகை தரும் ஆயிரம் பேரைத் தேடிப் போவது அங்குள்ள கட்சிக்கு ஆதாயமான வேலை.

இந்தியாவிலும் நேரடி உதவி பற்றிப் பேசாமல் இல்லை. 1998-இல் இந்திரஜித் குப்தா குழு, அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு ரொக்கமாக அல்லாமல் பொருளாக உதவலாம் என்றும், கணக்குத் தாக்கல் செய்யாத கட்சிக்கு அதைத் தரக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. மறு ஆண்டு சட்ட ஆணையம், வேறு எவரிடமும் நிதி வாங்கத் தடை விதித்தால் மட்டுமே கட்சிகளின் தேர்தல் செலவு முழுவதையும் அரசு ஏற்பது விரும்பத்தக்கது என்றது. இந்தப் பேச்சு இப்படி நின்றுபோயிருக்க, 2018-இல், வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகத் தரக்கூடிய தேர்தல் பத்திரங்கள் வந்தன. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாது. வரிக்கழிவு மட்டும் உண்டு. வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு அது முரணானது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்து அத்திட்டத்தை ரத்து செய்தது. நிறுவனங்களின் நன்கொடைக்கு முன்பு இருந்த உச்சவரம்பை, அதாவது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்பதை, நீக்கிய திருத்தமும் அதே தீர்ப்பில் செல்லாததாயிற்று.

உங்கள் கட்சிக்கு யார் பணம் தருகிறார்கள் என்று பார்க்க விரும்பினால், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் படிவம் 24ஏ என்ற பெயரில் ஆண்டுதோறும் வெளியாகும் நன்கொடை அறிக்கையைத் திறக்கலாம். 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயர், முகவரி, தொகை, கொடுத்த முறை எல்லாம் அதில் இருக்கும். அதற்குக் குறைவாகத் தந்தவர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.