எந்த டீமுக்கும் போகவில்லை, வீட்டுக்குத்தான் போனான்

இந்த மார்ச் மாதத்தில் அணியை விட்டு விலகியவர்களில் இவன் மூன்றாவது ஆள். சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்திருந்தான். இடது தொடையின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நேத்து ராத்திரி மேனேஜருக்கு மெசேஜ் போட்டுட்டேன். கவுண்டி பேனல்ல இனி நான் இல்லை" என்று மேசையின் ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. கவுண்டி பேனல் என்றால் மாவட்ட அணிக்குத் தேர்வான வீரர் குழு. எங்கள் தொழிலில் பாதி வாக்குமூலம் குப்புறப் படுத்துத்தான் வருகிறது.

வயது 23. எந்தக் கவுண்டி, எந்தக் கிளப் என்று சொல்லமாட்டேன். நான் கோருவில், அதாவது இங்கே மருத்துவம் சார்ந்த தொழில்களைப் பதிவு செய்யும் அமைப்பில், பதிவு பெற்ற பிசியோ. ஆளை அடையாளம் காட்டும்படி எழுதினால் அந்தப் பதிவுக்கே ஆபத்து. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அயர்லாந்தில் ஹர்லிங் (மட்டையும் பந்துமாக ஆடும் ஐரிஷ் ஆட்டம்) ஆடும் எந்தக் கவுண்டியை எடுத்துக்கொண்டாலும் நடப்பது இதுதான். ஜனவரி கடைசியில் லீக் தொடங்கும்போது பேனலில் இருந்த ஒரு பெயர், ஏப்ரலில் சாம்பியன்ஷிப் தொடங்கும்போது இருக்காது. உள்ளூர்ப் பத்திரிகையில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி வரும். அப்புறம் பெட்ரோல் பங்கிலிருந்து இறைச்சிக் கடை வரை அதே பேச்சு.

சென்னையில் இருக்கும் என் தம்பியிடம் போனில் இதைச் சொன்னேன். "எந்த டீமுக்குப் போனான்? அதிகக் காசு குடுத்தாங்களா?" என்றான். ஐபிஎல் ஏலம் பார்த்து வளர்ந்தவன், வேறு என்ன கேட்பான்? ஆனால் இங்கே வந்து பத்து வருடமான நம் ஆட்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

எந்த டீமுக்கும் போகவில்லை. லேசில் போகவும் முடியாது. ஹர்லிங்கில் ஏலம் கிடையாது, சம்பளம் கிடையாது. 1884 நவம்பரில் தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கிய ஜிஏஏ (கேலிக் விளையாட்டுச் சங்கம்), இன்று வரைக்கும் அமெச்சூர் அமைப்புதான். பயணப் படி உண்டு, அரசு தரும் சிறு மானியம் உண்டு. அவ்வளவுதான். மே மாத ஞாயிற்றுக்கிழமை 40,000 பேர் முன்னால் மன்ஸ்டர் மாகாண சாம்பியன்ஷிப் ஆடிய பையன், திங்கள் காலை வகுப்பறையில் கணக்குப் பாடம் எடுப்பான். கவுண்டிக்கு ஆடுகிறவன் பெரும்பாலும் பிறந்த ஊர்க் கிளப்பின் பிள்ளை. அந்தக் கிளப்பின் எல்லை அநேகமாகத் தேவாலயப் பங்கின் எல்லை. அப்பா ஆடிய கிளப், தாத்தா புல் வெட்டிய மைதானம். டிப்பரரி கவுண்டி பிடிக்கவில்லை என்று பக்கத்துக் கில்கென்னிக்கு மாறி ஆடுவது, நம் குலதெய்வத்தின் மேல் கோபித்துக்கொண்டு அடுத்த ஊர்க்காரன் குலதெய்வத்துக்கு மொட்டை போடப் போவது மாதிரி. அத்தி பூத்தாற்போல் எங்காவது நடக்கலாம், நடந்தால் ஊர் மறக்காது.

ஆக, விலகுகிறவன் வீட்டுக்குத்தான் போகிறான். அதனாலேயே இங்கே அது துரோகமாகத் தெரிகிறது. சம்பளம் வாங்குகிறவன் விட்டால் வேலையை விட்டான் என்பார்கள். வாங்காதவன் விட்டால் ஊரையே விட்டுவிட்டான் என்று பேசுகிறார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மனசு இல்லை" என்று என் கிளினிக் வரவேற்பறையிலேயே ஒரு பெரியவர் சொன்னார். அந்தப் பையன் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும்.

மனசு இல்லாதவன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுப்பான்? டப்ளினில் உள்ள பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சீனியர் கவுண்டி வீரர்கள் விளையாட்டுக்கும் அதைச் சார்ந்த பயணத்துக்கும் வாரம் 31 மணி நேரம் வரை செலவிடுகிறார்கள் என்றது. முழுநேர வேலையோ படிப்போ போக, அதற்கு மேல் இது. மாலை ஐந்து மணிக்கு டப்ளினில் அலுவலகம் விட்டு, காரிலேயே டப்பாவில் கோழியும் சோறும் தின்று, இரண்டு மணி நேரம் ஓட்டி, ஈரச் சேற்றில் பயிற்சி முடித்து, நள்ளிரவுக்கு வீடு திரும்பும் பையன்களை எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அணியின் செயலியில் பதில் போட வேண்டும்: எத்தனை மணி நேரம் தூங்கினாய், உடம்பு வலி எவ்வளவு, மனநிலை எப்படி.

அந்தச் செயலியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் பொய் எழுதுகிறார்கள். தூக்கம் 8, வலி 2, மனநிலை நன்று. ஐந்தரை மணி நேரம் தூங்கியவனும் 8 என்றுதான் போடுகிறான். உண்மையைப் போட்டால் அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் வராதோ என்ற பயம். அழகான வண்ண வரைபடங்களாக அந்தப் பொய்யைத்தான் நாங்கள் திங்கள்கிழமை கூட்டங்களில் திரையில் போட்டுப் பார்க்கிறோம்.

கணக்கு இடிக்கும் இன்னோர் இடம், ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் எண்ணுவது. கல்லூரிகளுக்கு இடையிலான ஃபிட்ஸ்கிப்பன் கோப்பைக்குக் கல்லூரி கூப்பிடும். லீக்குக்குக் கவுண்டி கூப்பிடும். "ஒரே ஒரு பயிற்சி ஆட்டம்தானே" என்று கிளப் கேட்கும். ஜிம் தனி. நான்கு பேரும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். நான்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. கடைசியில் தொடைப் பின்தசை அதைக் கூட்டிச் சொல்கிறது, பிப்ரவரியில், முழு வேகத்தில் ஓடும்போது.

பேனலின் ஓரத்தில் இருக்கிறவனின் நிலை இன்னும் மோசம். ஒரு கவுண்டி பேனலில் ஏறத்தாழ 36 பேர், சில இடங்களில் அதற்கும் மேல். ஆட்ட நாள் பட்டியலில் 26 பேர். களத்தில் 15, வழக்கமான மாற்று ஆட்கள் 5. மீதி? அதே பயிற்சி, அதே சேறு, அதே டப்பாச் சோறு. ஞாயிற்றுக்கிழமை டிராக்சூட்டில் நின்று கைதட்ட வேண்டும். லீக் முடியும் சமயத்தில் தனக்கு இடம் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். நண்பர்கள் சிட்னிக்கும் துபாய்க்கும் போய்ப் பணம் சேர்க்கிறார்கள். மன்ஸ்டரில் ஐந்து அணிகள், அணிக்கு நான்கு ஆட்டம், ஐந்தாறு வாரத்தில் முடிந்துவிடும். ஓர் ஆட்டத்தில்கூட இறங்கமாட்டோம் என்று தெரிந்துகொண்டு ஆறு மாதம் கொடுத்துவிட்டு நிற்பதைவிட, மார்ச்சிலேயே சொல்லிவிடுவது நேர்மை இல்லையா?

இதைப் போராட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கார்க் கவுண்டி வீரர்கள் 2002 இறுதியில் டாக்டர், ஜிம், பயண ஏற்பாடு கேட்டு வேலைநிறுத்தமே செய்தார்கள். 2008-09 குளிர்காலத்தில் மேனேஜரோடு மோதி மொத்தப் பேனலும் ஆட மறுத்தது, 2009 மார்ச்சில் அவர் விலகினார். அது கூட்டமாக, சத்தமாக நடந்தது. நான் பார்ப்பது ஒவ்வொருவராக, இரவு பதினொரு மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நழுவுகிறவர்களை.

எனக்கு எரிச்சல் வருவது விலகுவதால் இல்லை. விலகும் முறையால். மூன்று பேரும் காயத்தோடு விலகினார்கள், மூன்று பேரும் அதை மறைத்தார்கள். பேனலில் இருக்கும்வரை டாக்டர், பிசியோ, ஸ்கேன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வெளியே வந்த மறுநாள் பாதி ஆறிய தசையும் அவனும் மட்டும்தான். இரண்டு வாரம் சோபாவில் கிடப்பான். வலி போய்விடும். வலி போனால் குணமாகிவிட்டது என்று நினைப்பு. மூன்றாவது ஞாயிறு கிளப்புக்கு இறங்குவான், நாலாவது செவ்வாய் என் மேசையில் கிடப்பான், முன்பைவிடப் பெரிய கிழிசலோடு. வலி இல்லாமல் நடப்பது வேறு, 20 மீட்டர் முழு வேகத்தில் ஓடி, உருளும் ஸ்லிட்டரை (பந்தை) குனிந்து ஹர்லியால் (மட்டையால்) தூக்குவது வேறு. இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டுமோ.

விலக நினைக்கும் தம்பிகளே, விலகுங்கள். ஆனால் மெசேஜ் அனுப்புவதற்கு முன் டீம் டாக்டரிடம் காயத்தைச் சொல்லுங்கள், ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மேனேஜரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், அல்லது போனிலாவது பேசுங்கள். அடுத்த வருடம் திரும்பிப் போகிற வழி அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. பயிற்சியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வாரம் இருமுறை நார்டிக் (தொடைப் பின்தசைக்கான பயிற்சி), ஒருமுறை வேக ஓட்டம், அது போதும். தூக்கம் ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து என்று எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, ஹர்லியைத் தொடவே வெறுப்பாக இருக்கிறது என்றால் அது என் வேலை அல்ல, குடும்ப டாக்டரைப் பாருங்கள். வீரர்கள் சங்கமான ஜிபிஏவில் கவுன்சலிங் உதவி உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

மேனேஜர்களுக்கு ஒரு கெஞ்சல்: போனவனுக்கு ஒரு வாரம் கழித்து ஒரு போன் போடுங்கள். திரும்ப வா என்று சொல்ல வேண்டாம். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

இதையெல்லாம் தமிழில் ஏன் எழுதுகிறேன் என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சனிக்கிழமை காலையில் கிளப் மைதானத்தில் நிற்கிறார்கள். பார்க்கவே சந்தோஷம். போன மாதம் ஓர் அம்மா வந்தார். "அக்கா, பையன் கவுண்டி டெவலப்மென்ட் ஸ்குவாடுக்கு செலக்ட் ஆயிட்டான், முட்டி மட்டும் வலிக்குதாம், ஒரு டேப் போட்டு விடுங்க." வயது 14. கிளப், பள்ளி, ஸ்குவாட், நீச்சல், ஞாயிறு தமிழ் வகுப்பு, இடையில் டியூஷன். வாரத்தில் ஒருநாள்கூடச் சும்மா இல்லை. டேப் போடவில்லை. ஒரு தாளைக் கொடுத்து ஏழு நாளையும் எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நீச்சலை நிறுத்தலாமா என்றார். எதை நிறுத்துவது என்று பையனைக் கேளுங்கள் என்றேன்.

அந்த 23 வயதுக்காரன் நேற்று மறுபடி வந்தான். ஐந்தாவது வாரம். இரண்டு தொடையும் வலிமையில் கிட்டத்தட்ட சமம், முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருக்கிறது, இரவு எட்டு மணி நேரம் தூங்குகிறானாம். இந்த முறை அதை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு லீக் ஆட்டம் இருக்கிறது, இருபது நிமிஷம் இறங்கலாமா என்று கேட்டான். முழு வேக ஓட்டம் இன்னும் சோதிக்கவில்லை, முடியாது என்றேன்.

"பத்து நிமிஷம்?" என்றான்.